இடது விளக்கின் வளையம்

கோயமுத்தூர்
18-4-1938

அன்புள்ள அக்காளுக்கு, தம்பி ஆறுமுகசாமி வணங்கி எழுதுவது.

இங்கே நான் சுகம். மாமாவும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்? மில் லாரி ஓட்டும் வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. மேஸ்திரி வெங்கிடுசாமி தன் மகள் ராசாமணியை எனக்குக் கொடுப்பதாக வாக்குச் சொல்லிவிட்டார். ஆவணியில் முகூர்த்தம். பெண் வீட்டார் நம் ஊரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நான்தான் தட்டிக் கழித்து வருகிறேன்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். மாட்டுக் கொட்டகையில் நிற்கும் நம் சின்ன லாரியை விற்றுவிடு. நானூறு ரூபாய் வந்தால் போதும். உள்ளூர்க்காரர்களுக்கோ ராசிபுரத்தாருக்கோ வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளாகப் பார். கேட்பவர்களிடம், "1931 மாடல், ஒரே ஆள் ஓட்டியது, எங்கும் மோதியதில்லை" என்று மட்டும் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

இப்படிக்கு, உன் தம்பி
ஆறுமுகசாமி

பேளுக்குறிச்சி
2-5-1938

என் கண்ணு ஆறுமுகத்துக்கு, அக்காள் பாப்பாத்தி ஆயிரம் ஆசீர்வாதத்தோடு எழுதியது.

கல்யாணச் செய்தி படித்து வாய் நிறையச் சர்க்கரை போட்டுக்கொண்டேன். அடுத்த வரியைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. நானூறா? அப்பா விட்டுப்போன கிணற்றுக் காட்டை விற்று வாங்கிய வண்டியடா! மாப்பிள்ளை ஆகப்போகிற மயக்கத்தில் எண்ணுவதுகூட மறந்து போச்சா?

இருந்தாலும் உன் பேச்சைத் தட்டாமல் நானூறு என்றுதான் சொன்னேன். திருச்செங்கோட்டிலிருந்து வந்தவர் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏனுங்கம்மா, நானூறுன்னா இது திருட்டு வண்டிங்களா?" என்றார். எனக்கு மானம் போயிற்று. உன் மாமா மாட்டு வியாபாரி அல்லவா, அவர்தான் வழி சொன்னார். "மாடு விக்கறப்ப குத்தத்த நாமளே முன்னால சொல்லிப்போடோணும் பாப்பாத்தி. அப்பத்தான் வெலைய நம்புவாங்க" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. ராசிபுரத்து அச்சுக்கூடத்தில் ஐம்பது நோட்டீஸ் அடித்துச் சந்தை முழுக்க ஒட்டிவிட்டோம். நானே எழுதிக் கொடுத்தேன், படித்துப் பார்:

"சின்ன லாரி விற்பனைக்கு. 1931 மாடல். பின்னால் தேக்குப் பலகை அடைத்தது. இரண்டு டயர் புதிது. குற்றங்கள்: ஹாரன் சில நாள் ஊமை. வலது கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். சென்ற வருஷம் மாசி மாதம் புளியமரத்தில் மோதி இடது பக்க விளக்கு உடைந்து வேறு மாட்டியது. அதற்குப் பித்தளை வளையம் கிடையாது. மற்றபடி சொக்கத் தங்கம். விலை ரூ. 750. பேளுக்குறிச்சி பாப்பாத்தியைக் கேட்கவும்."

அந்த விளக்கு உடைந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்தாய். மலைக்காரர் ஒருவர் ஓடி வந்து, ஆள் அடிபட்டுக் கிடக்கிறான், ஆஸ்பத்திரிக்குப் போக லாரி வேண்டும் என்று வாசலில் கெஞ்சினார். அப்போதும் நீ எழவில்லை. "வெளக்கு ஒடஞ்சு போச்சு, வண்டி வராதுன்னு சொல்லிப்போடுக்கா" என்றாய். நானும் அதையே சொல்லி அனுப்பிவிட்டேன். வண்டிக்கு ஒன்று என்றால் அவ்வளவு உருகினவன், இன்றைக்கு நானூறுக்குத் தள்ளச் சொல்கிறாய்.

பதினாலு மாதமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை நீ. வண்டி விற்றதும் பணத்தை வாங்கவாவது வா.

உன் பிரியமுள்ள அக்காள்
பாப்பாத்தி

கோயமுத்தூர்
6-5-1938

அக்காளுக்கு,

உன் கடிதம் கண்டு திகைத்துப் போனேன். நோட்டீஸ் போடச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்? மாசி மாதம், இடது விளக்கு, வளையம் இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டுமா? வண்டி மாடு இல்லை. மாமாவின் வியாபார யோசனை நமக்கு வேண்டாம்.

இந்தக் கடிதம் கண்டதும் நோட்டீசை ஒன்று விடாமல் கிழித்துப் போடு. முந்நூறுக்குக் கேட்டாலும் கொடுத்துவிடு. வளையத்தைப் பற்றி யார் வந்து கேட்டாலும் தெரியாது என்று சொல். காரணம் கேட்காதே.

ஆறுமுகசாமி

பேளுக்குறிச்சி
9-5-1938

தம்பி ஆறுமுகத்துக்கு,

உன் கடிதம் இன்று காலையில்தான் கைக்கு வந்தது. நீ கிழிக்கச் சொன்ன நோட்டீஸ் அதற்கு முன்பே தன் வேலையைச் செய்துவிட்டது.

முந்தாநாள் சந்தை. திருச்செங்கோட்டுக்காரர் திரும்பி வந்திருந்தார். மாமா மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டுக்குள் அவர் விரலைப் பிடித்து விலை பேச, அவர் கூச்சத்தில் நெளிய, எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எழுநூறுக்குப் படிந்துவிட்டது. அந்த நேரம் மலைமேல் பைல் நாட்டிலிருந்து மிளகு கொண்டுவரும் சின்னக்கண்ணு என்பவர் கொட்டகைக்கு வந்து நின்றார். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு பித்தளை வளையம், புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று இருந்தது.

"நோட்டீசப் படிச்சுச் சொன்னாங்கம்மா. இது உங்க வண்டீதுங்களான்னு பாருங்க. தொலைச்சவங்க தேடுவாங்களேன்னு பத்தரமா வெச்சிருந்தேன்" என்றார்.

எனக்கு எத்தனை சந்தோஷம்! விலையில் இன்னும் இருபது ஏற்றலாம் என்றுகூட நினைத்தேன். வாங்கி இடது விளக்கில் வைத்தேன். திருகாணித் துளை இரண்டும் அச்சாகப் பொருந்தின. "எங்கீங்க கெடச்சுது?" என்று கேட்டேன்.

"அடிவார ரோட்டுலீங்க. போன வருசம் மாசியில எந்தம்பி செல்லமுத்து அடிபட்டுக் கெடந்தானுங்க, அவங்கையிக்குப் பக்கத்துல கெடந்துச்சு. மாடு கீடு முட்டிப்போட்டு ஓடிருச்சோன்னு நெனச்சோமுங்க. அந்த வழியா வந்த வண்டிக்காரரு ஏதாச்சும் பாத்திருப்பாரான்னு கேக்கலாம்னுதான் வந்தேனுங்க."

ஆறுமுகம், அவர் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ பார்த்திருப்பாயா என்று கேட்கிறார். அப்போதுதான் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அன்றைக்கு என் வாசலில் லாரி கேட்டுக் கெஞ்சினவரே அவர்தான். மூங்கிலில் தூளி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ராசிபுரத்துக்கு நடந்தார்களாம். பாதி வழியில், "தண்ணி குடுண்ணா" என்று கேட்டு, குடித்ததும் உயிர் போனதாம்.

தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வளையம் என்னிடம் இருக்கிறது. திருச்செங்கோட்டுக்காரரையும் திருப்பி அனுப்பியாயிற்று.

அது புளியமரம்தானா? ஒரே வார்த்தை எழுது. ஆமாம் என்று எழுதினால் நான் நம்பத் தயாராக இருக்கிறேன்.

அக்காள்
பாப்பாத்தி

கோயமுத்தூர்
13-5-1938

அக்கா,

மரம் இல்லை.

பொழுது சாய்கிற நேரம். மூட்டையோடு திடீரென்று ரோட்டில் இறங்கிவிட்டான். ரோடெல்லாம் மிளகு. நான் வண்டியை நிறுத்தினேன், இறங்கிக்கூடப் பார்த்தேன். கை அசைந்தது. எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். பயத்தில் ஏறி வந்துவிட்டேன். அவர்கள் வந்து லாரி கேட்டபோது, வண்டியைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றுதான் எழாமல் படுத்திருந்தேன். இது வரைக்கும் ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

ஆனது ஆகிவிட்டது. நான் வாயைத் திறந்தால் செத்தவன் திரும்பப் போகிறானா? வேலை போகும், கல்யாணம் நின்றுவிடும், ஜெயிலுக்குப் போவேன். அம்மா இல்லாத என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. வண்டியைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. வருகிற பணம் முழுவதையும் ஏதோ வேண்டுதல் என்று சொல்லி அவரிடமே கொடுத்துவிடு. வளையத்தைக் கிணற்றில் போடு.

இன்னொன்றையும் யோசி. அன்றைக்கு வண்டி வராது என்று வாசலில் நின்று சொன்னது நீதான். விஷயம் வெளியே வந்தால் உன் பேரும்தான் வரும்.

ஆறுமுகம்

பேளுக்குறிச்சி
18-5-1938

ஆறுமுகசாமிக்கு,

உன் கடைசி வரியைப் படித்தேன். என்னை மிரட்ட உனக்கு வாய் வந்ததே என்று முதலில் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. பிறகு யோசித்தேன். நீ எழுதியது நிஜம். அடிபட்டவன் யார், எங்கே கிடக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டு, உள்ளே போய் உனக்கு ரசம் வைத்தேன். விளக்கில்லாவிட்டால் முன்னால் ஒருவர் ராந்தல் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

நேற்று மாமாவும் நானும் மலையேறிப் பைல் நாட்டுக்குப் போனோம். உன் குற்றத்தையும் என் குற்றத்தையும் நானே என் வாயால் சொன்னேன். செல்லமுத்துவின் மனைவி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை அவள் முறத்தை நிறுத்தவில்லை. சின்னக்கண்ணு என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எறங்கிப் பாத்தாருங்களா?"

பார்த்தான் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

நாங்கள் கிளம்பும்போது, "அந்த வளையத்தக் குடுங்கம்மா" என்று கை நீட்டினார். "தொலைச்சவரு கையிலதானுங்க இதைக் குடுக்கோணும். வந்து வாங்கிக்கச் சொல்லுங்க." கொடுத்துவிட்டேன். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு. என்னைக் கூப்பிட்டால் போய் உள்ளதைச் சொல்வேன். மேஸ்திரி வெங்கிடுசாமிக்கு நான் எழுத மாட்டேன். அதை நீ சொல்.

வண்டியைப் பிரிக்கவில்லை. பழைய நோட்டீசை எல்லாம் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்று அடிக்கக் கொடுத்திருக்கிறேன். வருகிற சந்தைக்கு அடுத்த சந்தையில் ஒட்டுவேன். அதற்குள் நீ வந்து உன் வாயால் சொல்லிவிட்டால் அதற்கு வேலை இருக்காது. அதையும் படித்துப் பார்:

"சின்ன லாரி, 1931 மாடல். இப்போது விற்பனைக்கு இல்லை. முன் நோட்டீசில் புளியமரம் என்று எழுதியது பொய். மோதியது பைல் நாட்டுச் செல்லமுத்துவின் மேல். ஓட்டி வந்து, இறங்கிப் பார்த்துவிட்டுப் போனவன் ஆறுமுகசாமி. ஆஸ்பத்திரிக்கு லாரி கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியவள் அவன் அக்காள் பாப்பாத்தி. குற்றங்கள் இவ்வளவுதான்."

ராசாமணிக்கு என்று எடுத்து வைத்த சேலை பெட்டியில் இருக்கிறது.

சின்னக்கண்ணு சந்தை நாளில் மிளகுக்காரர் வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருப்பார். வளையம் அவர் மடியில் இருக்கும்.

பாப்பாத்தி