ஐஸ்கிரீம் பெட்டியில் ஒரு கறுப்புப் பொட்டு

மச்சாள்,

இன்று காலை கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்தபோது அந்தப் பொட்டு மறுபடி கண்ணில் பட்டது. உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு, "சும்மா கிடக்குது, கொண்டுபோம்" என்று உங்கள் வீட்டுக்காரர் தந்த ஐஸ்கிரீம் பெட்டியில்தான் அவை நிற்கின்றன. அதன் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் நீங்கள் வைத்த கறுப்புப் பொட்டு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. என் கண்ணுக்காகவே வைத்த பொட்டல்லவா!

மாசி மாதத்தில் நாங்கள் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உங்கள் வீட்டுக்கு வந்து பெல் அடித்தால், உள்ளே முதலில் பேப்பர் சரசரக்கும். யன்னலில் நிற்கும் கன்றுகளை மூடிவிட்டுத்தான் கதவைத் திறப்பீர்கள். ஒருமுறை கேட்டேவிட்டேன். "கோவியாதையும், உம்மட கண் பட்டா என்ரை கத்தரி கருகிப் போகும்" என்று சிரித்தீர்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தம்பி பெண்சாதிக்கு முன்னால் கன்றை மூடுகிற மனுசி உலகத்தில் வேறு யாரும் உண்டா?

பொறாமை இருந்தது உண்மைதான், ஏன் மறைக்கவேணும்? உங்கள் கன்றுகள் குட்டையாய், தண்டு தடித்து, நிமிர்ந்து நிற்கும். நோர்பரியில் எங்கள் வீட்டில் என்னுடையவை நூல் மாதிரி நீண்டு சரிந்துவிடும். குளிர் பட்டுவிடுமே என்று பொயிலர் அலுமாரிக்குள் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். "உதுகளுக்குச் சூடு காணும், வெளிச்சம்தான் காணாது. முளை தெரிஞ்ச உடனை யன்னலுக்கு எடும்" என்றீர்கள். கோயிலில் எல்லாரும் உங்களிடம்தான் கன்று கேட்பார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

இந்த வருடம் முளை தெரிந்த அன்றே யன்னலுக்கு எடுத்துவிட்டேன். நீங்கள் பார்க்க வேண்டும் மச்சாள், ஒவ்வொன்றும் என்ன நிமிர்வு! உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கான்ரை கண்டுகள் மாதிரியே இருக்கப்பா" என்றார்.

பாருங்கள்! வளர்த்தது நான், பேர் உங்களுக்கு. செத்தும் என்னை வெல்ல விடமாட்டீர்கள், என்ன?

அவர் வேலைக்குப் போன பிறகு ஒரு பேப்பர்த் துண்டைக் கிழித்து, அந்தப் பொட்டின்மேல் ஒட்டி மூடினேன். கன்றுகளை மூடவில்லை.

இனி நன்றாகப் பாருங்கள், மச்சாள். உங்கள் கண் ஒருமுறை படட்டும்.