ஏழாவது கைநாட்டு

இலஞ்சி
ஆடி 9

அன்பு மகள் யோகலட்சுமிக்கு, அப்பா சிவசைலம் சொல்ல மசூது எழுதுவது. இங்கன நான் சுகம், மூட்டுவலி மட்டும் கூடவே குடியிருக்கு. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிர் தேசத்துல சுகமா இருக்கணும்னு இலஞ்சிக் குமாரரைக் கும்பிடுதேன். சாரல் நல்லா விழுது, காத்துல தென்னை ரெண்டு சாய்ஞ்சு போச்சு.

நம்ம சமுதாய ஆஸ்பத்திரிக்கு இந்த வருசம் ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும். டயாலிசிஸ் மெஷினா, சர்க்கரைக்காரங்க கண்ணைப் படம் பிடிச்சுக் கம்ப்யூட்டரே கோளாறு சொல்லுத மெஷினாங்கிறதுதான் பேச்சு. ஏழு வீட்டுப் பெரியவங்களும் தீர்மானத்துல கைவச்சாத்தான் காரியம் நடக்கும், ஒருத்தர் மாட்டேன்னாலும் நின்னு போகும், நம்ம வழக்கம் உனக்குத் தெரியும். ஆறு வருசத்துக்கு முன்னால உங்கம்மாவுக்காக நான் டயாலிசிஸ் மெஷின் கேட்டப்போ தலைவர் விஸ்வநாதன் ஒருத்தன்தான் கைவைக்கல. ஐப்பசி வெள்ளிக்கிழமை, சந்தனக்கலர் சட்டை, வாய் நிறைய வெத்தலை. அவன் சொன்ன வார்த்தை ஒண்ணு விடாம எங்கிட்ட இருக்கு. தென்காசியில இடம் கிடைக்காம வாரத்துக்கு மூணு நாள் உங்கம்மா திருநெல்வேலிக்குப் பஸ்ஸுல போனா. மரம் விழுந்து ஆலங்குளத்துல பஸ் நின்ன அன்னைக்கு என் தோள்ல சாய்ஞ்சவ எந்திரிக்கல.

இப்போ அவனுக்கே கிட்னி போச்சு. டயாலிசிஸ் மெஷினுக்கு ஆறு பேரு கைவச்சாச்சு, பாக்கி நான். சத்தியமாச் சொல்லுதேன் தாயி, சந்தோசப்பட்டேன். டாக்டரம்மா ஸ்ரீவித்யா சொன்னா, கண் மெஷின்னா வருசத்துக்கு ஐந்நூறு பேரைப் பார்க்கலாம், டயாலிசிஸ்னா ஏழு பேருதான், ஆனா அந்த ஏழு பேருக்கு வேற வழியில்ல, ரெண்டுலயும் நியாயம் இருக்குன்னா. எனக்கு அது போதும். ஐந்நூறு பேருன்னு சொல்லிக் கையை மடக்கிக்கிட்டா ஒருத்தனும் பழி சொல்ல மாட்டான். விஸ்வநாதன் வீடு தேடி வந்து அண்ணாச்சி அண்ணாச்சின்னான். செம்பு நிறைய மோர் நீட்டினேன். கிட்னிக்காரன் தண்ணி அளவாத்தான் குடிக்கணும்னு, குடிக்க முடியாமப் பார்த்துக்கிட்டே இருந்தான். தெரிஞ்சுதான் நீட்டினேன்.

ஆனா தேங்காய் வெட்டுத பிச்சைமணி பெஞ்சாதியும் அந்த ஏழுல ஒருத்தி. செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டுல தூணைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தா, நானே பார்த்தேன். விஸ்வநாதனை அடிக்குத அடி அவ மேலயும்லா விழும். அதனால சபையில அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அன்னைக்குச் சொன்னதை அப்படியே சொல்லு, கைநாட்டு வைக்கேன்னேன். மறந்துட்டேன்னான். நான் எடுத்துக் கொடுத்தேன், பின்னாலயே சொன்னான்.

“போற உசுருக்கு மெஷின் எதுக்குவே, இருக்குதவங்களுக்கு வாங்குவோம்.”

கேக்கலன்னு இன்னொரு தடவை சொல்ல வச்சேன். அழுதான். நான் அழல. மையைத் தொட்டு விரலை வச்சேன். மெஷின்ல முதல் ஆள் பிச்சைமணி பெஞ்சாதி, கடைசி ஆள் இவன்னும் எழுத வச்சேன். அப்பா மன்னிச்சிட்டாருன்னு யாராவது போன்ல சொன்னா நம்பாத.

பிள்ளைகுட்டியோட நூறு வயசு நல்லா இரு. நம்ம குடும்பத்துல சர்க்கரை உண்டு, வருசம் தவறாம கண்ணைக் காட்டிக்கோ. அங்கன அந்த மெஷின் இருக்கும். இங்கன இல்லாமப் போனதுல என் விரலும் இருக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவசைலம்
(இடது பெருவிரல் ரேகை)