புறா விடுவது

வேலப்பன்சாவடி
3.2.2025

சரணுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இதை இன்று வகுப்புக்கு வந்த ஜோதிகாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஜப்பான் கம்பெனி வேலைக்கான நேர்காணலில் நம் வகுப்பு முழுவதையும் நிராகரித்துவிட்டது. "என் பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது" என்று எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னீர்கள். அதையாவது பொறுத்திருப்பார்கள். என்ன புத்தகம் என்று கேட்டதும் நீ, "எதுவும் படித்ததில்லை, சென்செய் எழுதிக் கொடுத்தது" என்று என்னைக் கைகாட்டி, சுத்தமான ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டாய். இப்போது விளக்கம் கேட்கிறார்கள்.

அந்த வாக்கியத்தை நீயே தயாரித்ததாகக் கைப்பட எழுதிக் கொடு. கொடுத்தால் வெள்ளிக்கிழமை மறு நேர்காணலில் உனக்கும் இடம் உண்டு.

சௌம்யா
ஜப்பானிய மொழி ஆசிரியை


பாரிவாக்கம்
4.2.2025

சௌம்யா சென்செய்க்கு,

வினைச்சொல்லோடு "கோத்தோ" சேர்த்தால் பெயர்ச்சொல் ஆகிவிடும், படி என்பது படிப்பது ஆகும் என்று நீங்கள்தான் பலகையில் எழுதினீர்கள். பொழுதுபோக்கைப் பற்றிச் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னீர்கள். "ஹாத்தோ ஓ தொபாசு கோத்தோ" என்றேன். புறா விடுவது. அதில் பிழை இருந்ததா?

சிரித்தீர்கள். "புறா வுடுறவன்லாம் ரவுடிப் பசங்கடா. ஜப்பான்காரன் முன்னாடி மானத்த வாங்காத" என்றீர்கள். பின்னால் இருந்து பிரசன்னா, "இன்னா மாமே, புறாக்கறி எப்போ?" என்றான். அதற்கும் சிரித்தீர்கள்.

எங்கள் மாடியில், பறந்தபடியே கர்ணம் அடிக்கும் புறாக்கள் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் விடிவதற்கு முன் எழுகிறேன். அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு ஒரு பொய்யை மனப்பாடம் செய்ய வைத்தது நீங்கள். அந்தப் பொய்யும் என்னுடையது என்று எழுதித் தர மாட்டேன்.

வே. சரண்


வேலப்பன்சாவடி
5.2.2025

சரண்,

திமிராகப் பேசாதே. முதல் வேலைக்கு நேர்காணல் போனபோது நானும் நிஜத்தைத்தான் சொன்னேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்றார்கள். அம்மாவோடு உட்கார்ந்து மீன் விற்பேன் என்றேன். அதற்குமேல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "வாசனை வருதுல்ல" என்று ஒருத்தி சொன்னது வெளியே வரும்போது காதில் விழுந்தது. உங்களுக்கும் அது நடக்கக்கூடாது என்றுதான் மாற்றிக் கொடுத்தேன்.

ஜோதிகா உட்பட எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ மட்டும்தான் பாக்கி. உன் அசல் சான்றிதழ்கள் எங்கள் பயிற்சி மைய அலமாரியில் இருக்கின்றன. யோசித்துக்கொள்.

சௌம்யா


பாரிவாக்கம்
6.2.2025

சௌம்யா மேடம்,

வாசனை என்று சொன்னவளிடம் காட்ட வேண்டிய கோபத்தை எங்களிடம் காட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது ஜோதிகா அழுதாள். "எய்தி குடுத்துட்டுப் போ சரணு. எங்க ஊட்ல தங்கச்சிங்க கீதுங்க, எனக்கு வேற வயி இல்ல. உனுக்கு மட்டும் இன்னா ரோசம்?" என்று திட்டினாள். அவள் போகட்டும். நல்லபடியாகப் போகட்டும். நான் வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்துவிட்டேன். நாளை காலை ஷிப்ட். அதனால் சான்றிதழ்களை வாங்க அம்மா வருவார். உட்கார நாற்காலி கொடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்தத் தாளிலும் கைநாட்டு வாங்காதீர்கள்.

சரண்