நான் கேட்டது மேக்ரோ

1983 அக்டோபர் 9, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். நாகமலை அடிவாரம் போய் வந்தேன். சேலை ஓரமெல்லாம் முள். ஆண் சிலந்தி ஒன்று. குதிக்கும் வகை, நெல்மணி அளவு. முன்னால் இரண்டு பெரிய கண், நெற்றியில் செங்கல் நிறப் பட்டை. பாதி ரோல் அதற்கே போயிற்று. எதுவும் தேறாது என்று எடுக்கும்போதே தெரியும். கேமராவோடு வந்த சாதா லென்ஸ். அதன் முன்னால் பூதக்கண்ணாடி மாதிரி ஒரு சில்லு மாட்டியிருக்கிறேன். நடுவில் கொஞ்சம் தெளிவு, ஓரமெல்லாம் கஞ்சி.

கைடு சொன்னது இன்னும் காதில். "ஸ்பிரிட்ல போட்டா கலர் போயிடும்மா. உயிரோட இருக்கறப்ப எடுத்த கலர் போட்டோ இல்லாம இந்தத் தீசிஸை நான் அனுப்ப மாட்டேன்." மழைக்காலம் முடிந்தால் சிலந்திகள் காணாமல் போகும். என் ஆராய்ச்சிப் பதிவும் இந்த வருடத்தோடு சரி. இனி நீட்டிக்க மாட்டார்கள். டாக்டர் பட்டம் இல்லாமல் அதே கல்லூரியில் அதே தவளையை அறுத்துக் காட்டிக்கொண்டு கிழவியாகலாம்.

நாத்தனார் செல்விக்கு அடுத்த மாதம் கல்யாணம். துபாயிலிருந்து கொழுந்தன் முருகேசன் வருகிறார். சாப்பிடும்போது இவர் சொன்னார்: "ஒனக்கு என்னமோ லென்சு வேணும்னியே. எதுன்னு பாத்துச் சொல்லு, தம்பி வாங்கிட்டு வருவான்." எனக்கு என்ன வேண்டும் என்று இந்த வீட்டில் கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ரசத்தில் உப்பு போட மறந்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, புதன்

மத்தியானம் வகுப்பு இல்லை. டவுன் ஹால் ரோடு, ஜமால் பாய் கடை. பிலிம் வாங்குவது, கழுவக் கொடுப்பது எல்லாம் அங்கேதான்.

பொடிப் பூச்சியைக் கிட்டத்தில் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்சில் ஐம்பது மில்லிமீட்டர் வாங்குவதா நூறு வாங்குவதா என்று கேட்டேன்.

"வாயால சொன்னா வெளங்காது டீச்சரம்மா. ரெண்டும் இருக்கு, மாட்டிப் பாருங்க." கண்ணாடி மேசையில் சீனி தூவினார். எறும்பு வந்தது.

ஐம்பது: கைக்கு லேசு, வெளிச்சம் அதிகம். ஆனால் எறும்பு பெரிதாகத் தெரிய அதன் மூக்குக்கே போகவேண்டியிருந்தது. ஓடிவிட்டது. நூறு: கனம். கை ஆடினால் படமும் ஆடும். ஆனால் ஒரு சாணுக்கு மேல் தள்ளி நிற்கலாம். நான் இருப்பதே எறும்புக்குத் தெரியவில்லை.

"ஒங்க ஜீவன் எப்பிடி? கிட்ட போனா நிக்குமா?"

"குதிச்சிரும் பாய்."

"அப்பப் பேச்சே இல்ல. நூறுதான்."

எறும்பு முன்காலைத் தூக்கி மீசையைத் துடைத்துக்கொண்டது. அவ்வளவு பக்கத்தில். கண் கலங்கிவிட்டது எனக்கு. பாய் ரேடியோவைத் திருகுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நூறு விற்பனைக்கு இல்லை. யாரோ கண் டாக்டருடையது, துடைத்துக் கொடுக்க வந்ததாம். பரவாயில்லை, துபாயில் கிடைக்கும்.

அக்டோபர் 14, வெள்ளி

கெரசின் இன்றும் வரவில்லை. அடுப்பில் சுள்ளி. கண்ணெரிச்சல்.

இவர் ஆபீஸ் போனிலிருந்து தம்பிக்கு டிரங்கால் போடப்போகிறார். வாசலில் நிறுத்திச் சொன்னேன்: நூறு, மேக்ரோ, திருகி மாட்டுகிற வகை. திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"நூறு, மேக்ரோ, திருகு. போதுமா? என்னைய என்ன சின்னப் புள்ளையின்னு நெனச்சியா?"

சாயங்காலம் வந்து, "சொல்லியாச்சு" என்றார்.

அக்டோபர் 25, செவ்வாய்

ராத்திரி முழுக்க மழை. பழங்காநத்தம் ரோட்டில் முழங்கால் தண்ணீர், பஸ் வரவில்லை, கல்லூரிக்கு மட்டம்.

நாகமலை வரை போகவே வேண்டாம் போலிருக்கிறது. நம் குளியலறை ஜன்னலிலேயே அதே வகை. ஒரு ஆண், ஒரு பெண். ஆண் முன்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கிறது, நிற்கிறது, மறுபடி நடக்கிறது. பெண் சும்மா பார்க்கிறது. அரை மணி நேரம் ஈரத்தரையில் நின்றேன். வெளியிலிருந்து அத்தை: "உள்ள தூங்கிட்டியா?"

நவம்பர் 1, செவ்வாய்

முருகேசன் வந்தாயிற்று. வீடு முழுக்க சென்ட் வாசனை. அத்தைக்குக் கம்பளி, செல்விக்கு சேலைகள், இவருக்கு வாட்ச். கடைசியாக என்னிடம் ஒரு பெட்டி. "மதினி, இது ஒங்களுக்குத்தான்."

பிரித்தேன். நீளமான ஜூம்.

"தூரத்துல இருக்குறத இழுத்துக் காட்டும் மதினி. பந்தல் கடைசியில நின்னாக்கூட தாலி கட்டுறது மூஞ்சிக்கு நேரா வந்துரும்."

"தம்பி, நான் கேட்டது மேக்ரோ."

அவர் முகம் வாடிவிட்டது. அண்ணனைப் பார்த்தார். "அண்ணேதான் போன்ல சொன்னாக. அதெல்லாம் வேணாம், ஜூம் வாங்கு, கல்யாணத்துக்கு ஆகும்னு."

இவர் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு பொருளு வாங்குனா வீட்டுல எல்லாத்துக்கும் ஒதவணும்ல. பூச்சியப் பாக்கவா அம்புட்டுத் தூரத்துல இருந்து தூக்கிட்டு வரச் சொல்றது?"

அத்தை: "வீட்டுல செலந்தியக் கண்டா நாங்க வெளக்கமாத்த எடுப்போம். இவ போட்டா எடுக்குறா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

குளியலறை ஜன்னலில் மாட்டிப் பார்த்தேன். கிட்டே எதுவும் தெளியவில்லை. எதிர்ச்சுவர் வரை பின்னால் போகவேண்டியிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சிலந்தி ஒரு புள்ளி.

நவம்பர் 2, புதன்

கேட்டேன். "சொல்லியாச்சுன்னீங்களே."

"சொன்னேன்ல. லென்சு வாங்கச் சொன்னேன்."

அதோடு பேப்பரை விரித்துக்கொண்டார். விடைத்தாள் ஒரு கட்டு திருத்தினேன். எல்லாப் பிள்ளைக்கும் குறைத்துப் போட்டிருக்கிறேன் போல. நாளை மறுபடி பார்க்கவேண்டும்.

நவம்பர் 14, திங்கள்

நேற்று மேலூரில் கல்யாணம் முடிந்தது. கால் வீக்கம். பந்தியில் மூன்று தடவை சாம்பார் வாளி தூக்கினேன்.

போட்டோ நானே எடுக்கிறேன் என்று சொன்னேன். வீட்டில் அந்தக் கேமராவைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தம்பி கொடுத்த புதிதில் இவர் கொஞ்ச நாள் கையில் வைத்திருந்தார், அப்புறம் அது பீரோவில் கிடந்தது.

இவர்: "ஆம்பளைக நிக்கிற எடத்துல நீ ஏறி நின்னு போட்டா எடுத்தா மாப்பிள்ள வீட்டுல என்ன பேசுவாக?"

இவரே எடுத்தார். புது வாட்ச், கழுத்தில் கேமரா. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 19, சனி

கல்யாணப் படங்கள் வந்தன. பாதி ஆடியிருக்கிறது. தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் முழங்கை தெளிவு, செல்வியின் முகம் புகை. செல்வி அதைக் கவிழ்த்து வைத்தாள். பாவம். இவர்: "லென்சு சரியில்ல."

படம் வாங்கப் போனபோது பாய் சொன்னது: கண் டாக்டர் வேறு கேமராவுக்கு மாறிவிட்டாராம். அந்த நூறை விற்றுவிடச் சொல்லியிருக்கிறார்.

"இதை யாரு வாங்குவா டீச்சரம்மா, உங்களத் தவிர. ஜூமக் குடுங்க, நேருக்கு நேர் மாத்திக்குவோம். கல்யாண சீசன், அது ஒரு நாள் தங்காது. ஆனா சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

நவம்பர் 21, திங்கள்

"சார்ட்ட கேட்டீங்களா?"

"கேட்டுட்டேன் பாய்."

பொய் சொல்ல இவ்வளவு சுலபமாக வருமென்று தெரியாது. ஜூமைக் கொடுத்து வாங்கிய நூறை டிபன் பாக்ஸ் பையில், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தேன். மழை. வெளிச்சம் இல்லை. படம் எடுக்கவில்லை.

நவம்பர் 23, புதன்

அத்தை, கொழுந்தன், எல்லோரும் கூடத்தில். இவர் ஜூமைத் தேடினார். ஆபீஸில் யாருக்கோ காட்டவேண்டுமாம். மறைக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

"யாரக் கேட்டு மாத்துன?"

"நீங்க யாரக் கேட்டு மாத்துனீங்க?"

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிறகு இவர் ரொம்ப நிதானமாக: "சரி. லென்சு ஒன்னோடது. வச்சுக்க. கேமரா என்னோடது." எடுத்து முருகேசன் மடியில் வைத்தார். "நீ குடுத்ததுதான். நீயே கொண்டு போ."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 27, ஞாயிறு

முருகேசன் கிளம்பினார். டாக்சியில் ஏறும் முன், இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாக: "மதினி, எனக்கு இது எதுக்கு. அங்க போயி ஒங்களுக்கு வேற கேமரா ஒண்ணு அனுப்பி விடவா?"

"வேணாம் தம்பி. எத அனுப்பணும்னு ஒங்க அண்ணே மறுபடி சொல்லிருவாக."

நல்ல மனிதர். என்னோடு பேசும்போதே அண்ணன் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

பீரோவில் லென்ஸ். கேமரா இல்லாத லென்ஸ். மழை குறைந்துவிட்டது. ஜன்னலில் இப்போது ஆண் மட்டும்தான்.

டிசம்பர் 3, சனி

பாயிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய கேமராவை எடுத்து வந்தார். "வெளிச்சம் அளக்குற மீட்டர் செத்துப்போச்சு. பின்கதவுல டேப் ஒட்டிக்கங்க, இல்லாட்டி வெளிச்சம் பூந்துரும். உங்க திருகுதான், சேரும். வேலை முடிஞ்சதும் குடுங்க. சார்ட்டக் கேக்கச் சொல்ல மாட்டேன் இந்தத் தடவை."

டிசம்பர் 4, ஞாயிறு

நல்ல வெயில், காலை ஒன்பதுக்கு. ஆண் சிலந்தி ஜன்னல் சட்டத்தில். வெளிச்சத்தைக் குத்துமதிப்பாக வைத்தேன். மூச்சை அடக்கி எடுத்தேன். அது திரும்பி அந்தப் பெரிய கண்கள் இரண்டாலும் நேராக என்னைப் பார்த்தது.

இவர் துண்டோடு வந்து கதவருகில் நின்றார். "கேமரா ஏது?" பத்து நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"நெழல் விழுது. கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளவில்லை. ஜன்னலின் மறு ஓரத்துக்கு நகர்ந்து நான் எடுத்தேன்.

டிசம்பர் 12, திங்கள்

ஒரு ரோலில் மூன்று படம் தேறியது. ஒன்றில் நெற்றிப் பட்டை, கண்களைச் சுற்றி மயிர், எல்லாம். கைடு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இதத்தாம்மா கேட்டேன். தீசிஸை டைப்புக்குக் குடு." கல்லூரியிலிருந்து பஸ் ஏறாமல் பாதி தூரம் நடந்தே வந்தேன்.

அந்தப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். இவர் எடுத்துப் பார்த்தார். வெகுநேரம். ஏதோ சொல்லப்போகிறார் என்று தட்டோடு நின்றேன்.

"இத அந்தச் சாதா லென்சுலயே எடுத்துருக்கலாம்ல?"