அடிமை என்ற சொல்

ஆக. 9, சனி
விடிந்ததிலிருந்து மழை. பொயிண்ட் குக் காற்று வேறு, இந்த நாட்டில் ஆகஸ்ட்தான் குளிர்காலம். ஹீட்டர் வேலை செய்யவில்லை, ஆளுக்குப் போன் செய்ய வேண்டும். மகன் ஜோயல் நிச்சயதார்த்தத்துக்கு ஹால் பார்க்க வேண்டும். பெண் ரூத், நம் சபை மெர்சியின் மகள். மெர்சி நர்ஸ், கணவர் இல்லை. நல்ல குடும்பம்.

சபை ஆண்டு மலருக்கு வரலாற்றுப் பக்கம் முடித்தேன். தரங்கம்பாடியில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். அதனால் விடுதலை கிடைத்துவிடவில்லை. எசமானும் அடிமையும் ஒரே சபை. அந்த வரியை இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.

ஆக. 10, ஞாயிறு
ஆராதனை முடிந்து மலர்க் குழு. வாசித்தேன். தலைவர் தேவராஜ் முகம் சுளித்தார்.

"'அடிமை' வேண்டாம் பிரதர். 'பணியாளர்'னு போடுங்க. பிள்ளைங்க படிக்கும்."

சரியென்றேன். மெர்சி விடவில்லை.

"ஏன் மறைக்கணும்? எங்க வம்சமே அப்படி ஞானஸ்நானம் வாங்கினதுதான். அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். எழுதுங்கண்ணே, எனக்கு வெட்கமில்ல."

டீ வந்தது. மெர்சி சுட்டுக் கொண்டுவந்த வடையை ஒருவரும் தொடவில்லை. நானும்.

காரில் என் மனைவி சுகந்தி: "கேட்டீங்கல்ல? இந்த வீட்டுலயா பொண்ணு எடுக்கறது? எங்க அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

ரேடியோவைப் போட்டேன்.

ஆக. 13, புதன்
ஹீட்டர் சரியாகிவிட்டது.

மெர்சிக்குப் போன். "ஜெபிச்சுப் பார்த்தோம்மா. இந்தக் கல்யாணம் தேவசித்தம் இல்லன்னு தோணுது." பொய். ஜெபிக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை நான் சொன்னதுதானே காரணம்? அத வாயால சொல்லிட்டு வைங்கண்ணே."

வைத்துவிட்டேன். அழுதுவிடுவார் என்று நினைத்திருந்தேன், அழவில்லை. அது எரிச்சலாக இருந்தது. பிறகு நன்றாகப் பசித்தது. மூன்று தோசை.

ஆக. 14, வியாழன்
ஜோயல் ஆபீசிலிருந்து நேரே என் முன்னால் வந்து நின்றான். "ஜஸ்ட் சே இட், டாட். ஏன் ரூத் வேண்டாம்?"

நான் சொல்லவில்லை. சுகந்தி சொன்னாள், அந்தச் சொல்லையே. மலரில் நான் அடித்துவிட்ட சொல். அவன் பையில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு போய்விட்டான். சார்ஜரை மறந்துவிட்டான். கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மலர் அச்சுக்குப் போயிற்று. 'பணியாளர்' என்றே.

ஆக. 17, ஞாயிறு
நல்ல வெயில், குளிர் விடவில்லை. ஜோயல் வரவில்லை, ரூத்தும் வரவில்லை. மெர்சி தனியாக வந்தார், எப்போதும் போல இரண்டாம் வரிசை. அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இன்று திருவிருந்து. பாஸ்டர் அப்பம் கொடுத்துக்கொண்டு போனார், பின்னால் உதவிக்கு நான், திராட்சரசப் பாத்திரத்தோடு. பீடத்தின் முன் வரிசையில் மெர்சி முழங்காலில். குடித்தார். பாத்திரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்தேன். ஒவ்வொருவர் குடித்த பிறகும் ஒருமுறை துடைப்பது வழக்கம்தான். பக்கத்தில் சுகந்தி காத்திருந்தாள். துணியைத் திருப்பி மடித்து, இன்னொரு முறை துடைத்தேன்.

மெர்சி இன்னும் எழுந்திருக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.