கதிருக்கு ஒரு கம்ப்யூட்டர்

ஜனவரி 19, திங்கள்

காலையில் நல்ல பனி. ஒத்தக்கடை முக்கில் எதிரே வரும் பஸ் தெரியவில்லை. பொங்கல் லீவு முடிந்து முதல் நாள் கரண்ட் ரீடிங். பாதி வீடு பூட்டு. மீட்டர் பெட்டிக்கு முன்னால் ஒரு வீட்டில் நாய். கடிக்கவில்லை. சுடிதார் ஓரம் கிழிந்ததோடு சரி.

மதியம் லீவு சொல்லிவிட்டு கதிரை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனேன். ஆட்டோவில் ஏற்ற நானும் டிரைவரும். இருபத்தொரு வயதுத் தம்பி, தூக்கத் தூக்கக் கனம் குறைந்துகொண்டே வருகிறான். தசை நோய். ஒன்பதாம் வகுப்பில் நடை நின்றது. இப்போது தோளும் கையும். போனைத் தூக்கிப் பிடித்து கேம் ஆட முடியவில்லை என்று அவனாகவே சொன்னான். தெரபிஸ்ட் பெண் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டிப் பார்த்தாள். விரலில் இன்னும் வலு இருக்கிறது, தோளுக்குத்தான் ஓய்வு வேண்டும், மேசையில் கையை வைத்து கம்ப்யூட்டரில் ஆடினால் நல்லது என்றாள்.

"எம்புட்டு நாளைக்குக்கா ஆடலாம்?" என்று கதிர் அவளிடம் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து, "ஆட ஆடத்தான் தம்பி தெரியும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவனே ஆரம்பித்தான். கடையில் முழுசாக வாங்க வேண்டாம், பார்ட் பார்ட்டாக வாங்கி நாமே மாட்டலாம், அதே காசுக்கு நல்லது கிடைக்கும் என்றான். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருக்கிறான் போல. எழுபதாயிரத்துக்குள் முடி என்றேன். ஸ்கூட்டிக்குச் சேர்த்தது. ஸ்கூட்டி பொறுக்கும்.

கேஸ் புக் பண்ண மறந்துபோயிற்று.

ஜன. 21, புதன்

க. லிஸ்ட் அனுப்பினான், வாட்ஸ்அப்பில். அவன் அறையிலிருந்து அடுப்படிக்கு.

மவுஸ்: இருப்பதிலேயே கனம் குறைந்தது. இதுதான் முதல்.
கீபோர்டு: லேசாகத் தொட்டால் அமுங்க வேண்டும்.
கிராபிக்ஸ் கார்டு: பணத்தில் பாதி இதற்கு.
பிராசசர், மதர்போர்டு, ரேம்: போன தலைமுறை போதும்.
மற்றதெல்லாம் சாதாரணம். கலர் லைட் எரியும் பெட்டி வேண்டாம்.

எனக்கு மீட்டர் தெரியும், யூனிட் தெரியும், இது ஒன்றும் தெரியாது. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பிராசசர் யோசிக்கும். கார்டு படம் வரையும். ரேம் என்பது கைக்கெட்டும் தூரத்தில் சாமான் வைக்கும் பலகை. மதர்போர்டில்தான் எல்லாம் உட்காரும். இவ்வளவு நேரம் அவன் தொடர்ந்து பேசிக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று.

வேலை முடிந்து டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மாடிக் கடை. கடைக்காரர் லிஸ்டைப் படித்துவிட்டு, எல்லாரும் மவுஸைக் கடைசியில் எழுதுவார்கள் என்று சிரித்தார். காரணம் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய், ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து என் கையில் வைத்தார். ஒன்று முட்டை அளவு கனம்தான் இருந்தது. அதையே எடுத்து வைக்கச் சொன்னேன்.

மதர்போர்டு பற்றி அவர் ஒன்று சொன்னார். "இந்தப் பழைய போர்டு இத்தோட முடிஞ்சதும்மா. இதுக்கு மேல இதுல பெரிசா எதுவும் போட முடியாது. புது போர்டுன்னா நாலஞ்சு வருசம் கழிச்சும் பிராசசர மட்டும் மாத்திக்கிறலாம்." ஆனால் புது போர்டுக்குப் புது ரேம்தான் சேரும். அதன் விலை வாரத்துக்கு வாரம் ஏறுகிறதாம். யோசிப்பதென்றால் சீக்கிரம் யோசிங்க என்றார்.

பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாலும் மனசு நன்றாக இருந்தது. நாலைந்து வருசம் கழித்து நானும் அவனும் பெட்டியைத் திறந்து புது பிராசசர் போடுவது மாதிரி நினைத்துக்கொண்டே வந்தேன்.

க.விடம் சொன்னேன். "அது வேணாம்க்கா" என்றான். ஏன் என்றேன். "அஞ்சு வருசம் கழிச்சு மாத்துறதுக்கு இப்ப எதுக்குக் காசு குடுக்கணும்?" சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு நெஞ்சில் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

அரிசி களையும்போதுதான் எனக்குப் புரிந்தது. பாதி அரிசி தொட்டியில்.

ஜன. 22, வியாழன்

ரீடிங், மேலூர் ரோட்டுப் புது வீடுகள். ஒரு அம்மா: "ஆளே இல்லாத வீட்டுக்கு எப்படிம்மா இம்புட்டு பில்லு வருது?" பிரிட்ஜை அணைக்காமல் ஊருக்குப் போயிருந்தார்கள்.

தலைவலி. இரண்டு டீ.

மத்தியானம் கடைக்குப் போன் பண்ணி, புது போர்டும் புது ரேமும் போட்டு, எழுபதுக்குள் வருகிற மாதிரி கணக்குப் பார்க்கச் சொன்னேன். க.விடம் கேட்கவில்லை. வாங்கி வந்து பிரித்துவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி மறுபடியும். தைலம் வாங்க வேண்டும்.

ஜன. 24, சனி

அப்பா சோழவந்தானிலிருந்து வந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் கிள்ளு வேலை முடிந்து இரண்டு நாள் ஓய்வு. க.வுக்குப் பிடித்த கடலை மிட்டாய் வாங்கி வந்தார். அதைக் கடிக்க அவனுக்கு இப்போது தாடை வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. க. வாங்கி வாயில் ஊற வைத்துத் தின்றான்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டான். கடைக்காரர் எஸ்டிமேட்டை அவனுக்கு அனுப்பியிருந்தார். கடையில் லிஸ்டோடு நான் கொடுத்திருந்தது அவன் நம்பர்தானே. புது போர்டு. புது ரேம். கணக்குச் சரிக்கட்ட கார்டு இரண்டு படி கீழே.

"கார்ட எதுக்குக்கா கொறச்ச?"

"போர்டு புதுசுடா. கார்டப் பின்னாடி மாத்திக்கலாம்."

"பின்னாடி" என்றான். அந்த ஒரு சொல்தான். பிறகு சத்தம் போடாமல் சொன்னான். "வெரலு இப்ப இருக்கு. நான் இப்ப நல்லாப் பாக்கணும்க்கா. தண்ணி, நெழலு, மரம், எல்லாத்தையும் முழுசா. மங்கலா ஓடவிட்டுட்டு அஞ்சு வருசம் காத்திருக்கச் சொல்றியா?"

அப்படிப் பேசாதே என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு. அவனுக்கு வரவில்லை.

"இத எனக்கு வாங்குறியா, உனக்கு வாங்குறியா?"

அம்மா வாசற்படியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். போர்டும் கார்டும் அவளுக்கு என்ன தெரியும். "அவன் கேட்டத வாங்கிக் குடு தேனு" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய்க் குக்கரைத் தேய்க்க ஆரம்பித்தாள். காலையிலேயே தேய்த்த குக்கர்.

அவன் இருப்பான் என்பதற்கு எனக்கு ஒரு அத்தாட்சி தேவைப்பட்டது. பெட்டிக்குள் ஸ்க்ரூ போட்டு முடுக்கி வைக்கிற மாதிரி ஒன்று. அதற்கு அவன் பார்க்க நினைத்ததில் பாதியைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவனைக் கேட்காமலே கொடுக்கப் பார்த்தேன்.

ஜன. 25, ஞாயிறு

காலையில் காபி கொடுக்கும்போது, உன் லிஸ்ட்டுதான் என்றேன். தலையாட்டினான். பிறகு மெதுவாக, பழைய போர்டே போடுவதால் இன்னும் பெரிய கார்டாகவே பார்க்கலாம், பசுமலையில் ஒருவர் வாங்கி ஒரு வருசமான கார்டை விற்கிறார், பேசி வைத்திருக்கிறேன் என்றான். எப்போது பேசினாய் என்றேன். நேற்று ராத்திரியே என்றான். என்னிடம் சண்டை போட்டுவிட்டு உடனே பேசியிருக்கிறான். சிரிப்பு வந்தது.

அவனே நேரில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமாம். ஆட்டோ. பசுமலை ஏற்றத்தில் சக்கர நாற்காலி பின்னால் கட்டியிருந்தது ஆடிக்கொண்டே வந்தது.

விற்பவர் பெயர் பிரவீன். பெங்களூரில் வேலை கிடைத்துப் போகிறார். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. க. மெசேஜில் தன் உடம்பைப் பற்றி எதையும் சொல்லியிருக்கவில்லை. நான் மேலே போய், தம்பி கீழே இருக்கிறான், ஏற முடியாது, கார்டைக் காட்டினால் போதும் என்றேன். பிரவீன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் செருகியிருந்த வயரையெல்லாம் கழற்ற ஆரம்பித்தார்.

முழு கம்ப்யூட்டரையும் கீழே கொண்டுவந்தார். முதலில் பெட்டி, அப்புறம் மானிட்டர், அப்புறம் ஒரு ஸ்டூல். பைக் நிறுத்தும் இடத்தில், வாட்ச்மேன் அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து மாட்டினார். "ஓட்டிப் பாருங்க ப்ரோ. அரை மணி நேரமாச்சும் ஓடட்டும், சூடு எம்புட்டுப் போகுதுன்னு நீங்களே பாருங்க" என்றார்.

க. பெட்டிப் பக்கம் காதைக் கொடுத்து விசிறிச் சத்தம் கேட்டான். வெப்பம், வேகம் என்று இருவரும் ஏதேதோ பேசினார்கள். இருவருக்கும் நடுவில் நான் தேவைப்படவில்லை. பைக் எடுக்க வந்தவர்கள் சுற்றிப் போனார்கள். அரை மணி ஒரு மணி ஆயிற்று. பிரவீன் அம்மா மேலிருந்து மோர் கொடுத்துவிட்டார்.

வாங்கிவிட்டோம். ஆட்டோவில் கார்டு பெட்டி க. மடியில். என் கையில் கொடு என்றதற்குக் கொடுக்கவில்லை.

ஜன. 27, செவ்வாய்

மற்றதெல்லாம் மாடிக் கடையில் எடுத்தாயிற்று. எஸ்டிமேட் விவகாரத்துக்குக் கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார். உங்கள் தப்பு இல்லை அண்ணே என்றேன். பழைய போர்டையே பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

தைலம் வாங்கினேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களோடு தெப்பம் பார்க்கப் போய்விட்டாள். மறுபடி வந்திருந்த அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டார். நாற்காலியோடு க. உள்ளே வருகிற உயரத்துக்கு நாலு காலுக்கும் செங்கல். இரண்டு முறை ஏற்றி, ஒரு முறை இறக்கி.

மாட்டியது நான். சொன்னது அவன். பிராசசரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்பா குனிந்து பார்த்து, "இம்புட்டுக்காணுதான் மூளையா" என்றார். மூலையில் ஒரு முக்கோணக் குறி, அதைப் பார்த்து வைக்க வேண்டும், அமுக்கக் கூடாது, தானாக உட்காரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குறியைத் தேடினேன். "மூச்சு விட்டுக்கக்கா, அது ஒண்ணும் செய்யாது" என்றான். உட்கார்ந்தது.

சூடு இறங்கப் பசை தடவியது, விசிறி, ஸ்க்ரூ, வயர். அவன் கண்ணால் காட்டுவான், நான் விரலால் தொட்டு "இதா?" என்பேன். "அதுக்குப் பக்கத்துல." அவன் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

சுவிட்ச் போட்டோம். விசிறி சுற்றியது. திரை கருப்பு.

அணைத்து, மறுபடி போட்டோம். கருப்பு. அப்பா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். க. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். ரேமைக் கழற்றி மறுபடி போடச் சொன்னான். நான் பயந்து பயந்து முழுசாக அமுக்காமல் விட்டிருந்தேன். இந்த முறை டக்கென்று சத்தம் வரும்வரை அமுக்கினேன்.

திரையில் எழுத்து வந்தது. "அப்பாவக் கூப்பிடுக்கா" என்றான்.

பிப். 4, புதன்

பனி குறைந்துவிட்டது. ரீடிங் நாளையோடு முடியும்.

மூன்று நாளாக வீட்டில் வேறு பேச்சில்லை. மணிக்கட்டுக்குக் கீழே வைக்க அம்மா பழைய சேலையில் சின்னதாக ஒரு மெத்தை தைத்திருக்கிறாள். க. நிழல், தண்ணீர் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். ஒரு பெரிய ஆறு, மேலே வெயில். அம்மா நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "வைகைல தண்ணி வந்தாப்ல இருக்கு" என்றாள். "ஆழமா இருக்கும்போல. பாத்துப் போப்பா." அவன் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிவிட்டேன். இருமல் நிற்க நேரம் பிடித்தது. அடுத்த வாரம் மூச்சு டெஸ்ட் இருக்கிறது. அதைப் பற்றி இன்று எழுதவில்லை.

சாயங்காலம் அவனோடு ஆடுகிற பையன் வரவில்லை. "நீ வாக்கா" என்றான். அவன் போனில் நான், கம்ப்யூட்டரில் அவன், இரண்டு பேரும் ஒரே அணி. எனக்கு நடக்கவே தெரியவில்லை. சுவரில் போய் முட்டினேன். எங்கிருந்தோ சுட்டார்கள். என் ஆள் கீழே விழுந்து முட்டி போட்டான். அவ்வளவுதானா, செத்துப்போனேனா என்று கேட்டேன். இல்லையாம். கூட ஆடுகிறவன் வந்து தூக்கிவிட்டால் எழலாமாம். அதற்குக் கொஞ்ச நேரம்தான் உண்டாம். திரையின் ஓரம் சிவந்துகொண்டே வந்தது.

"எங்கக்கா இருக்க?"

"தெரியலடா. ஒரு சுவத்துக்குப் பின்னாடி."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மெத்தை மேல் கை அசையவில்லை, இரண்டு விரல் மட்டும்.

"அசையாத. அங்கயே இரு. நான் வாரேன்."

வந்தான்.