பல நாட்டுப் பீரும் நம் வீட்டுத் தேத்தண்ணியும்

இன்று பின்னேரம் மகள் ஜெஸீமா ஒரு டின்னைத் திறந்தாள். உஸ்ஸென்று சத்தம் வந்தது; அதன் பின்னால் ஒரு மணம். விதைநெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, மூன்றாம் நாள் அவிழ்க்கும்போது முகத்தில் அடிக்குமே, அந்த மணம். அடுக்களையில் இருந்தவள் எழுந்து வந்துவிட்டேன். முழங்கால் வலியோடு நான் இப்போது எதற்கும் அவ்வளவு எளிதில் எழுவதில்லை.

"பயப்படாதீங்க உம்மா. பீர் மாதிரி இருக்கும், ஆனா போதை ஒண்டுமில்ல. ஹலால் எண்டு அரபில போட்டிருக்கு" என்றாள். மருமகன் கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்ததாம். ஒரு கிளாசில் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். நான் உடனே கிளாசுக்கு அடியில் வைக்க ஒரு மட்டை தேடினேன். ஜெஸீமாவின் வாப்பா, நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் இத்தனை காலமான பிறகும் உங்கள் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை. கலண்டர் மட்டையைக் கிழித்து அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் வாயில் வைக்கவில்லை. நுரை மெல்ல இறங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நீங்கள் கப்பலுக்குப் போனபோது, சாப்பாட்டு மேசையில் வேலை என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். அது பொய்யில்லை, அரை உண்மை. மற்ற அரை, வெள்ளைக்காரப் பயணிகளுக்குப் பீர் ஊற்றிக் கொடுப்பது. முதல் லீவில் வந்தபோதே அதையும் என்னிடம் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கு எதையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாது. ஊற்றிக் கொடுப்பதும் பாவம்தானே என்றேன். "ஓம், பாவந்தான். புள்ளைகள் ஒரு கரைக்கு வந்த உடன விட்டுருவன்" என்றீர்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் கதையையும் கூடவே கொண்டுவந்தீர்கள். நம் சாய்ந்தமருதிலிருந்து கப்பலுக்குப் போனவர்கள் ரேடியோ கொண்டுவந்தார்கள், புடவை கொண்டுவந்தார்கள். உங்கள் பெட்டியில் அவற்றோடு ஒரு கட்டு வட்ட மட்டைகளும் வந்தன. பீர்க் கிளாசுக்கு அடியில் வைக்கிற மட்டைகள், நாட்டுக்கு ஒரு படம். சிங்கம் ஒன்று, கோட்டை ஒன்று, மீசைக்காரன் ஒருவன். பிள்ளைகள் அவற்றை வைத்து விளையாடினார்கள். நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து உலகத்தை எங்களுக்குப் பிரித்துக் காட்டினீர்கள்.

ஜெர்மனியின் பீர் என்றால் நுரை. நெருப்புக் குச்சியை நட்டு வைத்தால் விழாமல் நிற்குமாம். இங்கிலாந்துக்காரன் குடிப்பது குளிராது, நுரைக்காது, பார்க்க ஆறிய தேத்தண்ணி மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கிளாசை வைத்துக்கொண்டு மழை விடும் வரைக்கும் கதைப்பான். அயர்லாந்துப் பீர் கறுப்பு, மேலே பால் ஆடை மாதிரி நுரை. அதைப் பாதி ஊற்றி, ஆற விட்டு, பிறகு மிச்சத்தை ஊற்ற வேண்டும். "அவசரக்காரனால அத ஊத்த ஏலா" என்பீர்கள். அவுஸ்திரேலியாக்காரன் ஐஸ் மாதிரிக் கேட்பானாம். நாக்கு விறைத்த பிறகு திறமும் மட்டமும் ஒன்றுதான். ஜப்பான்காரன் தன் கிளாசில் தானே ஊற்ற மாட்டான், பக்கத்தில் இருப்பவனுக்கு ஊற்றுவான். பச்சைப் போத்தலில் வருவது வெயில் பட்டால் மணம் கெட்டுவிடும். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு நுவரெலியா மலைத் தண்ணீரில் வடிக்கிற பீருக்கு வருவீர்கள். நம் நாட்டுக் கறுப்புப் பீரை முதல் தரம் குடிக்கிறவன் கண்ணை மூடித் திறந்து, உடனே இரண்டாம் கிளாஸ் கேட்பானாம். அதைச் சொல்லும்போது உங்களுக்கு ஒரு பெருமை. ஏதோ அந்த மலையில் நீங்கள்தான் நீர் வார்த்தது போல.

விதைப்புக் காலத்தில் லீவு கிடைத்தால் வரிப்பத்தான்சேனையில் என் சீதன வயலுக்கு வருவீர்கள். ஒரு தரம் விதைநெல்லுச் சாக்கை அவிழ்த்தபோது குனிந்து முகர்ந்துவிட்டு, "இஞ்ச பாருகா, ஜெர்மன்காரன்ட மணம்" என்றீர்கள். அவர்களும் தானியத்தை இப்படித்தான் ஊறவைத்து முளைக்க விடுவார்களாம், பிறகு காயவைத்து அவிப்பார்களாம். வயல்காரர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள். குடிக்காத மனிதனுக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று அன்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு சம்மாந்துறைச் சம்பந்தம் வந்தது. எண்பதுகளின் தொடக்கம். நல்ல குடும்பம், வயலும் நெல் ஆலையும் உள்ளவர்கள். மாப்பிள்ளைப் பையனை ஜெஸீமா ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறாள்; அவளுக்கும் விருப்பம் என்பதை அவள் பாவாடை தேய்த்த விதத்திலேயே கண்டுகொண்டேன். அவர்கள் பேசி முடிக்க வந்த நாளில் நீங்கள் லீவில் நின்றீர்கள். தேத்தண்ணியை நான் கொடுத்து அனுப்ப, நீங்கள் வாங்கிப் பரிமாறினீர்கள். கப்பல்காரர் இல்லையா? ஒவ்வொரு கோப்பைக்கும் அடியில் ஒரு வட்ட மட்டையை வைத்து, அதன் மேல் கோப்பையை வைத்து, கைப்பிடியை வந்தவரின் வலக்கைப் பக்கம் திருப்பிவிட்டீர்கள். மட்டை வைக்காமல் ஒரு கோப்பையை மேசையில் வைக்க உங்கள் கைக்கு வராது.

மாப்பிள்ளையின் பெரிய மாமா கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தவர். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு அவர் சிரிப்புப் பிடிக்கவில்லை.

"இதெல்லாம் பீர் மட்டையல்லவா தம்பி? எந்த நாட்டுப் பீர் திறம்?"

"அப்பிடி ஒண்டத் திறம் எண்டு சொல்ல ஏலா நானா" என்று அவருக்கு அண்ணன் முறை வைத்துத் தொடங்கினீர்கள்.

நான் திரையை இழுத்தேன், இருமினேன், கரண்டியைக் கீழே போட்டேன். உங்களுக்கு எங்கே கேட்டது? ஜெர்மனி நுரையில் ஏறி நுவரெலியாவில்தான் இறங்கினீர்கள். முடிந்தபோது அந்தப் பெரியவர் மட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நல்லாத் தெரிஞ்சி வச்சிருக்கிறீங்க" என்றார். அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது.

"வல்லாஹி, நான் ஒரு துளியும் வாயில வச்சதில்ல" என்றீர்கள்.

"நாங்க அதக் கேக்கல்லையே" என்றார் அவர். எழுந்து போனார்கள். நாலு நாளில் ஆள் வந்து, பையன் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் கப்பலுக்குத் திரும்பிப் போகவில்லை. ஊர் வாயை அடைக்கலாம் என்று நினைத்தீர்கள். குடித்ததால்தான் வெட்கப்பட்டு நின்றுவிட்டார் என்று ஊர் அதையும் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. ஜெஸீமா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வரம்பு கட்டக்கூடத் தெரியாத நீங்கள் வயலில் இறங்கினீர்கள். பிறகு தமிழ்-முஸ்லிம் கலவரக் காலம்; பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவைத் தாண்டி ஒரு மூட்டை நெல் கொண்டுபோகவே பயந்த வருடங்கள். அவள் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் மருதமுனை நெசவுக்காரக் குடும்பத்திலிருந்து இந்த மருமகன் வந்தார். அவர்கள் எதையும் கேட்கவில்லை. நீங்களும் அன்று வெறும் மேசையில் கோப்பையை வைத்தீர்கள். கைப்பிடியை மட்டும் அவர்கள் வலக்கைப் பக்கம் திருப்பிவிட்டீர்கள்.

பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் சுகமில்லாமல் கிடந்த மாதம் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் குரல் போல ஒரு குரல் நம் தெருவில் இருக்கவில்லை. பள்ளியை நடத்துகிற மரைக்கார் நம் வாசலைக் கடந்துபோய்ப் பாங்கு சொல்ல வேறொருவரைக் கூப்பிட்டார். நீங்கள் பின்வளவில் போய்த் தேங்காய் உரித்தீர்கள். தேவைக்கு மேல் உரித்தீர்கள்.

அன்றுதான் நான் வெளிப்படையாகச் சொன்னேன். "குடிச்சீங்களா எண்டு நான் கேக்கப்போறதில்ல. நீங்க இல்ல எண்டுவீங்க. அதுக்குப் பொறகும் என்ட மனம் இப்பிடியேதான் கெடக்கும்."

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். "அப்ப கேக்காத" என்றீர்கள். "அல்லாஹ்வுக்குத் தெரியும். ஒனக்கும் ஒரு நாளைக்குத் தெரியவரும்." பிறகென்ன, சோறு கேட்டீர்கள். பாகற்காய்க் கறியை வழக்கம்போலப் பீங்கானின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டீர்கள். நானும் அதன் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. அந்தச் சந்தேகத்தோடுதான் உங்களுக்குச் சமைத்தேன், மருந்து தந்தேன், கடைசியில் உங்கள் கண்ணையும் மூடிவிட்டேன். களைத்துப்போனேன். நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் இருப்பது எவ்வளவு வேலை என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். நுரை முழுவதும் இறங்கிவிட்டது. பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தேன்.

கசப்பு!

வாயில் பட்டதும் ஒன்றுமில்லை. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற கசப்பு. முகம் கோணிவிட்டது. கிளாசை மட்டையில் வைத்துவிட்டு மறுபடியும் பேனாவை எடுத்தேன்.

ஏனென்றால் நீங்கள் இதைச் சொன்னதே இல்லை. நுரையைச் சொன்னீர்கள், நிறத்தைச் சொன்னீர்கள், மணத்தையும் குளிரையும் குடிக்கிறவனின் கண்ணையும் சொன்னீர்கள். இத்தனை வருடத்தில், இத்தனை நாட்டுக்கு, ஒரு தரமாவது கசக்கும் என்று சொன்னீர்களா? தேத்தண்ணியில் சீனி குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர் நீங்கள். பாகற்காயைத் தொடாத மனிதர். இதை ஒரு துளி வாயில் வைத்திருந்தால் முதல் லீவில் வந்து சொன்ன முதல் கதையே இந்தக் கசப்பாகத்தான் இருந்திருக்கும். கிளாசுக்கு வெளியே நின்று பார்த்ததை மட்டும்தான் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

ஜெஸீமாவைக் கூப்பிட்டேன். "மகள், வாப்பா குடிக்கல்ல."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "அது தெரிஞ்ச விசயந்தானே உம்மா" என்றாள். "இப்ப என்ன அதுக்கு?"

கல்யாணம் குழம்பிய பிள்ளை அவள். அவளுக்குக் கேட்கத் தேவைப்படவில்லை.

"கசக்குதெண்டா வைங்க, ஊத்தி விடுறன்" என்று கிளாசை எடுக்கக் கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். மட்டையின் மேல் அதை நேராக வைத்துக்கொண்டு, கசக்கக் கசக்க முழுவதையும் குடித்து முடித்தேன்.